பழைய ஹை கம்ப்ரஷன் இன்ஜினும் இன்றைய பெட்ரோலும்: பெங்களூரு வண்டிகளில் பார்த்தவை

ஸ்ட்ரோப்லைட், ஃப்ரேசர் டவுன்

நாக்கிங், அதாவது கலவை தானா வெடிச்சு இன்ஜின் தட்டுறது, வந்தாலே எல்லாரும் ஆக்டேன் (பெட்ரோல் தட்டாம எரியும் திறன்) மேல்தான் பழி போடறாங்க. இங்கே டியூனிங்குக்கு வர்ற வண்டிகளில் பெரும்பாலும் காரணம் மிக்ஸ்சர் லீன் ஆனதுதான், அதாவது காற்றுக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம போனதுதான்.

பழைய பிரிட்டிஷ் கார்களில் எம்ஜிபி இன்ஜின் கம்ப்ரஷன் (கலவையை நசுக்கும் விகிதம்) 8.8:1, மினி கூப்பர் எஸ் 1275 இன்ஜின் 9.75:1. ரெண்டும் ஈயம் கலந்த, ஆக்டேன் அதிகமான பெட்ரோலுக்காகச் செய்தவை. இந்தியா முழுக்க ஈய பெட்ரோல் 2000 பிப்ரவரியோட நின்னுபோச்சு. இப்போ வர்ற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் 95 ஆக்டேன், நடுவில் ஓட்டிக்கிட்டிருந்த 91-ஐ விட நல்லதுதான். ஆனா எத்தனால் தன்னோட ஆக்சிஜனையும் கொண்டுவருது. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேணும்னா, இ20-க்கு சுமார் 13.6 போதும். கார்புரேட்டரில் பழைய ஜெட்டையே (பெட்ரோல் வர்ற துளை) வெச்சு ஓட்டினா 7, 8 சதவீதம் லீன். அந்தச் சூட்டில்தான் இன்ஜின் தட்டுது. பிளக் தீப்பொறி விடும் நேரமான டைமிங்கைத் தொடறதுக்கு முன்னாடி ஜெட்டைப் பாருங்க.

வெபர், சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட் 130 இருந்தா 135 போடுங்க. பரப்பு 8 சதவீதம் கூடணும்னா துளையின் விட்டம் 4 சதவீதம் கூடினால் போதும். 145-க்குத் தாவினா பிக்கப் போய் பிளக் கறுக்கும்.

எஸ்.யூ. கார்புரேட்டரில் அடியில் இருக்கும் ஜெட் நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, கீழே இறக்குங்க. இன்ஜின் நல்லா சூடான பிறகு கார்புரேட்டருக்குள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா தூக்கிப் பாருங்க. ஆர்பிஎம் லேசா ஏறி உடனே இறங்கி நிலைச்சா சரி. அப்படியே விழுந்தா லீன், ஏறி அங்கேயே நின்னா ரிச் (பெட்ரோல் அதிகம்). இது ஐடிலுக்கு (பெடல் அழுத்தாத ஓட்டம்) மட்டும்தான். மேல் ஆர்பிஎம்மில் இழுக்கலைன்னா அந்த ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசியையே ஒரு படி ரிச்சா மாத்தணும்.

பாயின்ட்கேப், ஜெயநகர்

அண்ணா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். நம்ம ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல. காற்றழுத்தம் சுமார் பத்து சதவீதம் குறைவு, அதனால சிலிண்டரில் அழுத்தமும் குறைவு. இங்கே அழகா ஓடுற டைமிங், கிருஷ்ணகிரி இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர் போறப்போ தட்ட ஆரம்பிக்கும். சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். மேனுவலில் பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னாடி தீப்பொறின்னா இங்கே 10, கீழே போகும் முன்னாடி 8. டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியைப் பிரிச்சு அனுப்பும் பகுதி) பாடியில் ரெண்டு கோடு கீறி வெச்சிட்டா வழியில் நிறுத்தி ஸ்பேனரால் மாத்திக்கலாம்.

எப்போ தட்டுதுன்னும் கவனிங்க. பெடலை முழுக்க அழுத்தறப்போ தட்டினா ஸ்டாட்டிக் டைமிங்கோ (நிறுத்தி வெச்சு செட் பண்றது) சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸோ (வேகம் ஏற ஏற தீப்பொறியை முன்னாடி தள்றது) அதிகம்; பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பிரிங் தளர்ந்துபோய் அட்வான்ஸ் சீக்கிரமே வந்துடும். லேசா பெடல் வெச்சு சீரா போறப்போ மட்டும் தட்டினா காரணம் வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சும் இழுப்பால் தீப்பொறியை முன்னாடி தள்றது). அந்த டியூபைக் கழட்டி, வாயை அடைச்சு ஓட்டினா தெரிஞ்சிடும்.

ஒரேயடியா ரிடார்ட் பண்ணாதீங்க, அதாவது தீப்பொறியை ரொம்பப் பின்னாடி தள்ளாதீங்க. எரிவது எக்ஸாஸ்ட் வரைக்கும் நீளும், வால்வும் ரேடியேட்டரும் சூடேறும், மைலேஜும் விழும்.

டேப்பட்12, அல்சூர்

கம்ப்ரஷனைக் குறைக்க ரெண்டு ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடு) அடுக்கின வண்டிகள் வருது. தயவுசெஞ்சு வேண்டாம். பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கணும். அந்த இடுக்கில் நசுங்கி வெளியே பாயும் கலவைதான் எரிவதை வேகப்படுத்துது. இடைவெளி பெருத்தா கம்ப்ரஷன் குறைஞ்சும் தட்டல் நிக்காது. தலையில் டிஷ் (குழி) உள்ள பிஸ்டன் போடறதுதான் சரியான வழி.

அதுக்கும் முன்னாடி ஹெட்டைக் கழட்டி கரியைச் சுரண்டுங்க. மெல்ல மட்டுமே ஓடின வண்டியில் பிஸ்டன் தலையில் கரி தடிச்சுக் கிடக்கும். அதுவே கம்ப்ரஷனை ஏத்திடும். பிளக்கும் ஒரு படி குளிரா, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்துறதா போடலாம். என்ஜிகேயில் 6-க்கு பதில் 7. பாஷில் எண் தலைகீழ், 7-க்கு பதில் 6.

ஒவ்வொரு முறை பார்க்கிறப்பவும் எக்ஸாஸ்ட் டேப்பட் கேப் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) குறைஞ்சுக்கிட்டே வந்தா வால்வு சீட் (வால்வு உட்காரும் வளையம்) தேஞ்சு உள்ளே இறங்குது. ஈயம் இல்லாததோட விளைவு இது. ஹெட் வெளியே இருக்கும்போதே கடின சீட் இன்சர்ட் போட்டுடுங்க.

ஸ்ட்ரோப்லைட், ஃப்ரேசர் டவுன்

100 ஆக்டேன் வாங்கறவங்க அதில் எத்தனால் இருக்கான்னு சோதிச்சுக்கோங்க. நெருப்பு பக்கத்தில் இல்லாம, 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் விட்டு ஒரு நிமிஷம் குலுக்கி வைங்க. அடி அடுக்கு 10-லேயே நின்னா எத்தனால் இல்லை. 28 பக்கம் ஏறினா அது இ20. எத்தனால் இல்லைன்னா நான் மேலே சொன்ன ஜெட் மாற்றம் வேண்டாம், பழைய அளவே போதும்.

பாயின்ட்கேப், ஜெயநகர்

ஜே.சி. ரோட்டில் பெட்ரோல் ஹோஸ் வாங்கறப்போ எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (எத்தனால் தாங்கும் ஹோஸின் தர அடையாளம்) அச்சடிச்சதா பாருங்க. சாதா ரப்பர் எத்தனாலில் ஊறி உள்ளே உரியும், அந்தத் துகள் கார்புரேட்டரின் நீடில் வால்வில் போய் உட்காரும். சில்க் போர்டு டிராஃபிக்கில் பெட்ரோல் ஆவியாகி நிக்கிற வண்டிக்கு, கார்புரேட்டர் அடியில் 6 மில்லிமீட்டர் பேக்கலைட் ஸ்பேசர் (சூடு கடத்தாத தடுப்பு) வைங்க, பெட்ரோல் லைனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி விடுங்க. இ20-க்கு மாறின முதல் ரெண்டு மூணு டேங்குக்கு கண்ணாடி ஃபில்டர் போட்டு, கையில் ஒண்ணு ஸ்பேர் வெச்சுக்கோங்க. டேங்கில் பல வருஷமா படிஞ்ச கசடெல்லாம் அப்போதான் கிளம்பி வரும்.