பழைய பிஸ்டல்தான் உறுதி என்பது உண்மையா?

கேள்வி:
எட்டு மாதமாகக் கிளப்பில் பயிற்சி எடுக்கிறேன். பாலிமர் ஃபிரேம் (பிளாஸ்டிக் உடல்) போட்ட புதிய 9 மி.மீ. பிஸ்டலில்தான் சுடுகிறேன். போன வாரம் மூத்த உறுப்பினர் ஒருவர் தன்னுடைய பழைய பிரவுனிங் ஹை-பவரைப் பார்க்கக் கொடுத்தார். ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடும் எஃகுப் பகுதி) இழுத்தால் வெண்ணெயில் வழுக்குவது போல் போகிறது. நான் சுடுவதில் ஸ்லைடு ஆடுகிறது, உள்ளே வெட்டுக்கருவி போன கோடுகள் அப்படியே தெரிகின்றன. "இப்போது யார் இழைத்துச் செய்கிறார்கள்?" என்றார் அவர். சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன். தரத்தை எதை வைத்துப் பார்ப்பது?

பதில் 1:
பழையதையே வாங்குங்கள். இரும்பு இரும்புதான்.

பதில் 2:
22 வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். அந்த வழுவழுப்பு உண்மை, அதைத் தொட்டால் எனக்கும் மனசு நிறையும். ஆனால் அது எதனால் வந்தது என்று பாருங்கள். பழைய ஜெர்மன் பிஸ்டலான லூகர் பி08-ஐப் பிரித்தால் சின்னச் சின்னப் பாகத்தில்கூட அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். அரத்தால் ராவி, அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே பொருத்திய பாகங்கள். இன்றைய சிஎன்சி (கணினி இயக்கும்) இயந்திரத்தில் வந்த ஸ்லைடை அதே மாடலின் இன்னொரு ஃபிரேமில் மாட்டினாலும் ஓடும். இதை எப்படித் தரக்குறைவு என்பது?

பழையது எல்லாமே கட்டி எஃகில் குடைந்தது என்றும் நினைக்காதீர்கள். சிக் பி226-இன் ஸ்லைடு ஆரம்பத்தில் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்தது. குடைந்த ஸ்டெயின்லெஸ் ஸ்லைடு பின்னால்தான் வந்தது. கோல்ட் 1911-இன் ஆரம்பகால ஸ்லைடுகளுக்கு சூடேற்றிக் கடினமாக்கும் பதத்தை இன்றைய அளவு ஏற்றவில்லை.

புதியவற்றில் எனக்குப் பயம் எம்ஐஎம் பாகங்கள் மேல்தான். உலோகப் பொடியைப் பிசினோடு கலந்து அச்சில் செலுத்தி, சூளையில் இறுக வைப்பார்கள். நன்றாகச் செய்தால் குறையே இல்லை. உள்ளே வெற்றிடம் விழுந்துவிட்டால் வெளியே தெரியாது. 300 தோட்டாகூடச் சுடாத ஒரு புதிய பிஸ்டலில் சேஃப்டி நெம்புகோல் முறிந்து என்னிடம் வந்தது. முறிந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அடித்து உருவாக்கிய பழைய பாகம் பெரும்பாலும் மெல்லத் தேயும், முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சரி, எதைப் பார்ப்பது? ஸ்லைடு ஃபிரேமில் ஆடுவதை விடுங்கள். குறி பார்க்கும் முனைகள் ஸ்லைடின் மேல் இருக்கின்றன, ஆகவே பேரல் (தோட்டா போகும் குழல்) ஒவ்வொரு முறையும் ஸ்லைடில் ஒரே இடத்தில் பூட்ட வேண்டும். மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று இரண்டு முறை பார்த்து, ஸ்லைடை மூடுங்கள். மேலே, காலித் தோட்டா வெளியேறும் ஓட்டையில் தெரியும் பேரலைக் கட்டைவிரலால் கீழே அழுத்துங்கள். அசையக் கூடாது.

கேட்டவர்:
இன்று பார்த்தேன் அண்ணா. கிளப் பிஸ்டலில் அசைவே இல்லை. ஹை-பவரில் மயிரிழை அளவுக்கு இறங்கி எழுகிறது! அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

பதில் 2:
சொல்லிவிடுங்கள் தம்பி. ரீகாயில் ஸ்பிரிங்கைக் (பின்னால் வரும் ஸ்லைடைத் தாங்கி முன்னே தள்ளும் சுருள்வில்) கடைசியாக எப்போது மாற்றினார் என்று முதலில் கேளுங்கள். அது தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் வந்து ஃபிரேமில் பலமாக மோதும். மாற்றிவிட்டு, பேரலின் அடிப்பகுதியையும் பூட்டும் மேடுகளையும் யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். அதுவரை அதில் சுட வேண்டாம்.