எச்சிவேரியா கலர் போய் நீளுது, அடியிலை அழுகுது

கேள்வி (ஈரோடு):
எச்சிவேரியாங்கிற சதைப்பத்துச் செடியில (தடிச்ச இலை பூ மாதிரி அடுக்கா இருக்கும்) பெர்ல் வான் நூரன்பெர்க் ரகம்ங்க. ஊதா கலர் போய்ப் பச்சையாயிருச்சு, தண்டு நீண்டு, அடியிலை கண்ணாடி மாதிரி ஆகி உதிருது. வடக்கு ஜன்னல், செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. எதை மாத்தணும்?

பதில் (கோவை):
ரெண்டும் வேற வேற கோளாறுங்க. நீளுறது வெளிச்சம் பத்தாம. இலை கண்ணாடியாறது தண்ணி மிஞ்சி. நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. தலையை, அதாவது மேல இருக்கிற இலைக்கொத்தை, 3 செ.மீ. தண்டோட வெட்டுங்க. வெட்டுவாயில பழுப்பு தெரிஞ்சா அழுகல் ஏறிருச்சு; சுத்தமாத் தெரியுற வரைக்கும் மேல மேல சீவணும். நிழல்ல 5 நாள் காயவிட்டு, காஞ்ச கலவை மேல உக்கார வைங்க. வேர் விட்டப்புறம்தான் தண்ணி.
கலவைக்கு உடைச்ச செங்கல் 2 பங்கு, தென்னைநார் 1 பங்கு. செங்கல் பொடியைச் சலிச்சு எறிஞ்சிருங்க, அது இருந்தா வடிகால் அடைச்சுக்கும். அடித்தண்டை வீசிராதீங்க, பக்கக்கன்னு வரும்.

பதில் (பொள்ளாச்சி):
காலை வெயில் 4 மணி நேரம் வேணும், ஆனா கொஞ்சங்கொஞ்சமாப் பழக்குங்க. மார்ச்சுல இருந்து மே வரைக்கும் 50% நிழல்வலை கட்டாயம். மெக்சிகோ மலைச்செடிங்க இது. ராத்திரி குளிர்ந்தாத்தான் கலர் ஏறும், அதனால மார்கழி, தை வரைக்கும் பொறுங்க. இலை மேல இருக்கிற வெண்பூச்சைத் துடைக்காதீங்க, அந்த இலையில மறுபடி வராது. இலையிடுக்குல பஞ்சாட்டம் இருந்தா அது மாவுப்பூச்சி, வேரையும் பாருங்க.