காதலில் இரண்டாவது சந்திப்புக்கு எங்கே போனீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் முதல் சந்திப்பு அண்ணா நகரில் ஒரு காபி கடையில். ஒன்றரை மணி நேரம் பேசினோம். எந்த ஊர், என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அப்பா என்ன செய்கிறார்? பெண் பார்க்கப் போகும் வீட்டில் பெரியவர்கள் கேட்பதையே நாங்களும் கேட்டுக்கொண்டோம். வீட்டுக்குத் திரும்பியபோது அவளைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவளைத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் மனதில் நின்றது. பக்கத்து மேசையில் யாரோ பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள். அந்தப் புகை வந்ததும் அவள், "எங்க அத்தை வீட்டு வாசனை" என்றாள். அத்தை இருந்தது சுவாமிமலையில். பக்கத்து வீடு சிற்பப் பட்டறை. அதற்குள் பில் வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அடுத்து எங்கே போகலாம் என்று நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். சினிமா என்றான் ஒருவன். இரண்டரை மணி நேரம் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எதற்கு? ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்றான் இன்னொருவன். இரண்டாவது முறையே ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் வண்டியில் வரச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்கு அந்த மெழுகு வாசனைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. எழுதி அனுப்பினேன்: "ஞாயித்துக்கிழமை எழும்பூர் மியூசியம் போலாமா? ஐம்பொன் சிலை எப்படிப் பண்றாங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

"பத்து மணிக்கா, பதினொண்ணுக்கா?" என்று பதில் வந்தது.

(போக நினைப்பவர்களுக்கு: அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.)

வெண்கலச் சிலைக்கூடத்தில் அவள் குரலே வேறாக இருந்தது. தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் சேர்த்து முதலில் உருவத்தைச் செய்வார்களாம். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். "அச்சு உடைஞ்சிடுது பாருங்க, அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்" என்றாள். ஊற்றும் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், அத்தை தூக்கிப் பிடிக்க ஜன்னல் வழியாகப் பார்ப்பாளாம்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் வெகுநேரம் நின்றோம். சோழர் காலத்துச் சிலை, 11ஆம் நூற்றாண்டு. வலப்பக்கம் ஆண், இரண்டு கைகள். இடப்பக்கம் பெண், ஒரே கை. இடுப்பு வளைவைப் பார்த்தால் இரண்டு உடம்பும் எந்த இடத்தில் சேர்ந்தன என்று சொல்லவே முடியாது. அங்கே நின்றபடிதான், "அத்தை போனதுக்கப்புறம் நான் அந்தத் தெருவுக்கே போகல" என்றாள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எதுவும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். காபி கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அந்த மௌனத்தை இருவராலும் தாங்கியிருக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்ததால் முடிந்தது.

வெளியே வந்து மரநிழலில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "உன் வீட்டு வாசனை என்ன?" நீங்க, நீ ஆனது அப்போதுதான். முதல் நாள் "அப்பா சொந்தத் தொழில்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். இப்போது முழுசாகச் சொன்னேன். சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்து ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது என் வேலை. இதை நான் காதலிக்கும் பெண்ணிடம் சொல்ல ஏன் இரண்டாவது சந்திப்பு வரை காத்திருந்தேன் என்று இன்றும் வருத்தப்படுகிறேன்.

*

படித்ததும் எழுதத் தோன்றியது. நான் கோவை. எனக்கு நடந்தது இதற்கு நேரெதிர்.

இரண்டாவது தடவை சந்திக்க, நான் பழகும் அவர் காலை பத்திலிருந்து இரவு வரை திட்டம் போட்டு வைத்திருந்தார். மருதமலை, பிறகு மதியச் சாப்பாடு, மால், படம், ராத்திரி டிபன். எல்லாம் என்மேல் இருந்த ஆசையில் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாலு மணிக்கே எனக்குத் தலைவலி. விடுதிக் கதவை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள், நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் அடுத்த இடத்துக்கு நேரமாச்சு என்றே கிளம்பினோம். அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது இரண்டு தடவை நடந்தது. என்ன என்று கேட்க நேரமில்லை.

அவரிடம் இதை மறைக்காமல் சொன்னேன். முகம் வாடிப்போனது, ஆனால் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை நான் கூப்பிட்டேன்: வாலாங்குளம் கரையில் ஒரு மணி நேரம் நடை, ஒரு டீ, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் இரண்டரை மணி நேரம் ஆனது. எங்களுக்கு இரண்டாவது சந்திப்பு என்றால் அதுதான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாவது தடவைதானே என்று விட்டுவிடாதீர்கள். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று அறைத்தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்புவேன். அவரிடமும் அதைச் சொன்னேன். "நல்லதுங்க" என்றார். அந்தப் பதில் எனக்குப் பெரிய தைரியம் தந்தது.

*

எனக்கு வயது 43. விவாகரத்தாகி ஏழு வருஷம். பத்தாவது படிக்கும் மகன் இருக்கிறான். இங்கே எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை ஓர் ஓட்டலில் பார்த்தோம். மறுபடி பார்க்கலாமா என்று கேட்டவர், அதோடு "பையனுக்கு டியூஷன் எத்தனை மணிக்கு?" என்றும் கேட்டார். ஐந்தரையிலிருந்து ஏழு வரை என்றேன். அந்த நேரத்துக்கே மயிலாப்பூர் குளத்தடியில் வந்து நின்றார்.

நாலு மாடவீதியும் நடந்தோம். தெற்கு மாடவீதியில் காய்கறி வாங்க வேண்டியிருந்தது. பரவாயில்லையா என்று தயங்கிக் கேட்டேன். அவரும் ஒரு பையை விரித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கினார், ஒன்றுகூட முற்றல் இல்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிடும் மனுஷர் என்று முதல் நாள் வாயால் சொன்னதை இப்போது கையால் பார்த்தேன். அம்மா படுக்கையில் இருந்த வருஷங்களில் சமையல் கற்றுக்கொண்டதை அங்கேதான் சொன்னார். நடுவில் கடைக்கார அம்மா சில்லறை கேட்டார், கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஏழு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். ஏறப்போகும்போது தன் பையிலிருந்து பாதி வெண்டைக்காயை அள்ளி என் பையில் போட்டார். "பையனுக்குப் பொரியல் பிடிக்கும்னு அன்னிக்கு சொன்னீங்களே" என்றார்.