வீட்டுக்குப் பின்னால் சதுப்பில் மரம் வெட்டினார்கள், இப்போது மண்ணும் கொட்டுகிறார்கள். யாரிடம் முறையிடலாம்?

அத்திடியக்காரன்:
கொழும்புக்குப் பக்கத்தில் அத்திடியவில் வாடகைக்கு இருக்கிறோம், பின்மதிலுக்கு அப்பால் சதுப்பு. போன மாதம் பெடியன்கள் கொஞ்சப் பேர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, அன்னமுன்னா மாதிரிக் காய்க்கிற மரங்களை வெட்டி இழுத்துப் போட்டார்கள். வயிறு எரிந்தது. இப்போது மறுகரையில் இரவிரவாக டிப்பரில் மண் வருகிறது. இது சரணாலயம்தானே, மரம் வெட்டியதற்கு எங்கே முறையிடலாம்?

கொக்குப் பைத்தியம்:
மரத்தை விடுங்கள், மண்ணைக் கவனியுங்கள். அது அனோனா கிளாப்ரா, சிங்களத்தில் வெல் ஆத்தா, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. விதை தண்ணீரில் மிதந்து போய் ஒதுங்கிய இடத்தில் முளைக்கும் என்பதால் ஒவ்வொரு வெள்ளமும் அதற்கு ஒரு விதைப்பு. அது அடைத்துக்கொண்ட இடத்தில் சம்பும் கோரையும் வெளிச்சமில்லாமல் போய்விடும், நீலத்தாழைக்கோழி நடக்கத் திறந்த இடம் இராது. அந்தப் பெடியன்கள் வேரோடு எடுத்தார்களா? வெறும் வெட்டு என்றால் அடிக்கட்டை திரும்பத் தளிர்க்கும்.

இதே மாதிரி வெளியிலிருந்து வந்து பரவிய ஆகாயத்தாமரையை ஒழிக்க 1909 இலேயே இங்கே தனிக் கட்டளைச் சட்டம் போட்டார்கள். கொழும்புக் கால்வாய்களைப் பார்த்தால் வென்றது யார் என்று தெரியும்.

உறுதி வாசிக்கிறவள்:
பெல்லன்வில-அத்திடிய 1990 இல் சரணாலயமானது, 372 ஹெக்டேயர். ஆனால் தேசிய பூங்கா மாதிரி இல்லை, எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கிறது, அதனால் மண் கொட்டுகிற அந்தத் துண்டு யாருடையது என்று முதலில் பாருங்கள். சொந்தக் காணி என்றாலும் நினைத்தபடி நிரப்ப முடியாது. வயல் என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும்; தாழ்நிலம் என்று வர்த்தமானியில் வந்த இடம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி. 2010 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் ஏறியதே, தண்ணீர் நிற்க இடமில்லாவிட்டால் அப்படித்தான். 2018 இல் கொழும்புக்கு ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ‘ஈரநில நகரம்’ என்ற பட்டம் கிடைத்தது, சரி, பட்டம் வந்து டிப்பரை மறிக்காது. டிப்பர் இலக்கம், திகதி, படம் எல்லாம் சேர்த்து கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி.

அத்திடியக்காரன்:
பெடியன்களை ஏசிவிட்டேனே! பக்கத்து வீட்டு அண்ணர் அந்தத் துண்டின் காணி உறுதியைப் பார்த்தாராம், ‘ஓவிட்ட’ என்று போட்டிருக்கிறதாம். அதுவும் வயல்தானா?

உறுதி வாசிக்கிறவள்:
ஓவிட்ட என்றால் வயலை ஒட்டிய கொஞ்சம் மேடான நிலம். வயல் இல்லை என்று வாதாட மண் கொட்டுகிறவர்களுக்கு இடமிருக்கிறது, நீங்கள் கூட்டுத்தாபனத்திலிருந்தே தொடங்குங்கள்.