பயிற்சி ஆசிரியருக்கு முதலில் வேண்டியது பாட அறிவா, கேள்வி கேட்கும் பழக்கமா?

தொப்பூரான்:
தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியே இரண்டு ஆண்டுதான். பாடக்குறிப்பு, கற்பித்தல் பயிற்சி, பதிவேடுகள், அதன் பிறகு 150 கேள்விகளோடு தகுதித் தேர்வு. இதற்கு நடுவே, எதையும் கேள்வி கேட்டுச் சோதிக்கும் ‘விமர்சனச் சிந்தனை’யையும் பழக்க வேண்டும் என்கிறார்கள்; இன்னொரு சுமையா? வகுப்பைக் கட்டி நடத்தத் தெரிந்தால் போதும்.

பென்னாகரம் ஆசிரியை:
வகுப்பைக் கட்டி நடத்தியவரைப் பற்றியே சொல்கிறேன், ஐயா. எங்கள் பக்கம் பயிற்சிக்கு வந்தவர் பல் சுத்தம் பற்றிப் படம், பாட்டு என்று குறையில்லாமல் பாடம் நடத்தினார். கடைசியில் பழுப்புப் பல் உள்ள ஒரு பையனை எழுப்பி நிறுத்தி, “துலக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்” என்றார். அவன் தினமும் துலக்குகிறவன். அவன் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே கறை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் பல்லில் கறை உண்டாக்கும் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தானே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது? தண்ணீர் செய்த கேட்டுக்கு அந்தப் பிள்ளை தலைகுனிந்து நின்றான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொப்பூரான்:
வருத்தம் நியாயமானது. ஆனால் அது பாட அறிவில் உள்ள குறை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது என்று படித்திருந்தால் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார். அறிவைக் கொடுக்காமல் சந்தேகப்பட மட்டும் பழக்கினால், வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிப் பாடநூலை மறுப்பவர்கள்தான் உருவாவார்கள்.

பென்னாகரம் ஆசிரியை:
ஃபுளோரைடு என்ற பெயரே தெரியாதவரும் இதைக் கவனித்திருக்கலாம்: சரியாகத் துலக்காத சிலருக்குப் பல் வெள்ளை, துலக்கும் இவனுக்குக் கறை. அப்படியானால் காரணம் வேறு. இவர்கள் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார்கள் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. கேள்வி பிறந்தால்தான் அறிவைத் தேடிப் போவார்.

ஊத்தங்கரை பயிற்சி மாணவி:
எங்களுக்கும் கேள்விகள் வருகின்றன. பாடக்குறிப்பில் நாங்கள் கேட்கும் கேள்வியோடு, மாணவர் சொல்லப்போகும் விடையையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். பிள்ளை வேறு விடை சொன்னால் எழுத இடமில்லை. அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த விடையை எப்படிச் சோதித்தோம் என்று எழுதச் சொல்லி மதிப்பெண் தரலாமே?

தொப்பூரான்:
மதிப்பெண் என்றால் சென்ற ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள், அம்மா. வழிகாட்டி ஆசிரியர் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து, “இது சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கட்டும். அதை ஏற்கிறேன். அறிவியல் பாட வேளையைக் குறைத்து அதைச் செய்வதை ஏற்க மாட்டேன்.

பென்னாகரம் ஆசிரியை:
குறைக்க வேண்டாம். எல்லாக் கறைக்கும் ஃபுளோரைடே காரணம் என்று சொல்வதும் தவறுதான். அந்தக் கறை பெரும்பாலும் இரு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி இருக்கும். பல் உருவாகும் வயதில் குடித்த நீரால் வருவதால், இப்போது காவிரி நீர் குடித்தாலும் மறையாது. இதற்குப் பாட அறிவு வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அடுத்து வரும் பயிற்சி ஆசிரியரிடம், பாடக்குறிப்பு எழுதும் முன் பிள்ளைகளின் தெருவில் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று விசாரித்து வரச் சொல்லப்போகிறேன்.