படர்தாமரை எட்டு மாதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது: களிம்பை மாற்ற வேண்டுமா?

வினா: திருப்பூர், சாயப்பட்டறைப் பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. நாள் முழுவதும் வெக்கையிலும் ஈரத்திலும் நிற்கும் வேலை. கடந்த சித்திரையில் தொடையிடுக்கில் காசளவு சிவந்த வட்டம் ஒன்று தோன்றியது. மருந்துக் கடையில் சொன்னபோது ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவிய மூன்றாம் நாளே அரிப்பு அடங்கியது. இரண்டாம் வாரம் வந்த இடமே தெரியவில்லை. நிறுத்திய பத்தே நாளில் முன்பைவிட அகலமாக வந்தது. அப்படியே ஆறு டியூப் தீர்ந்துவிட்டன. இப்போது இடுப்பைச் சுற்றிப் பட்டை போலப் படர்ந்து முதுகுக்கு ஏறுகிறது. முன்பிருந்த வட்ட வடிவமும் இல்லை. தொடையின் உட்புறத்தில், பிள்ளை பெற்றவர்களின் வயிற்றில் காணப்படுவது போன்ற வரிகள் விழுந்திருக்கின்றன. மனைவிக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்திலும், மகளுக்குக் கழுத்திலும் தொடங்கிவிட்டது. இரத்தம் கெட்டுவிட்டது என்று அம்மா கத்தரிக்காயையும் கருவாட்டையும் வீட்டில் நிறுத்திவிட்டார். இதைவிட வீரியமான களிம்பு ஏதேனும் உண்டா, அல்லது ஊரில் செய்வது போலச் சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசலாமா?

மறுமொழி 1: ஓய்வு பெற்ற மருந்தாளுநர்

டியூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் பெரிய பயன் இல்லை, ஏனெனில் இதே கலவை பல பெயர்களில் விற்கப்படுகிறது. அட்டைப் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து என்று இருக்கும். அவற்றுடன் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்பவற்றுள் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மூன்றாம் நாள் அரிப்பை அடக்கியது அந்த ஸ்டீராய்டுதான், பூஞ்சை சாகவில்லை.

வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு அவற்றை அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்தது. கடைகளில் நடப்பது வேறு. நானும் ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவன்தான். வாங்கியவர் சில வாரங்களில் அதையே கேட்டுத் திரும்ப வந்ததை அந்த மருந்தின் சிறப்பென்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுமொழி 2: மதுரை, இல்லத்தரசி

எங்கள் வீட்டில் நால்வருக்கும் இருந்தது. ஒருவர் மருந்து சாப்பிட்டுத் தேறும்போது மற்றொருவரிடமிருந்து மீண்டும் தொற்றிக்கொண்டதால் ஓராண்டு வீணாயிற்று. நால்வரும் ஒரே நாளில் சிகிச்சையைத் தொடங்கிய பிறகுதான் விட்டது. துண்டு, சோப்பு, படுக்கை விரிப்பு எல்லாம் ஆளுக்கொன்றாக்கி, உள்ளாடைகளைச் சுடுநீரில் தனியே துவைத்து, உள்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போட்டேன். மழைக்காலத்தில் இஸ்திரி போட்டேன். அண்ணா, உங்கள் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் முதலில் அதை அறுத்துப் போடுங்கள். என் கணவருக்கு அந்தக் கயிறு பட்ட இடத்தில்தான் கடைசிவரை போகாமல் நின்றது.

மறுமொழி 3: தோல் மருத்துவர்

முன்னிருவரும் சொன்னது சரி. வீரியமான களிம்பைத் தேடுவதுதான் உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

படர்தாமரை வட்டமாகத் தெரிவதற்குக் காரணம், பூஞ்சை வெளிநோக்கிப் பரவும் விளிம்பில் உடல் அதை எதிர்த்துப் போராடுவதே. சிவப்பும் செதிலும் அரிப்பும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்கள். ஸ்டீராய்டு பூஞ்சையை விட்டுவிட்டு, அந்த எதிர்ப்பை ஒடுக்குகிறது. நோய் குணமானது போலத் தோன்றும் நாட்களிலும் பூஞ்சை தடையின்றிப் பரவிக்கொண்டிருக்கும்; வட்டம் கலைந்து, பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்ல முடியாத உருவத்தை எடுக்கும். தொடையிடுக்குத் தோல் மெல்லியது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டை முன்கைத் தோல் உறிஞ்சுவதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு விதைப்பைத் தோல் உறிஞ்சுகிறது என்றால், அதைவிடப் பன்மடங்கு வலிய குளோபெட்டசால் அங்கே என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் கூறும் வரிகள் அதனால் வந்தவையாகவே இருக்கக்கூடும். அவை நாளடைவில் மங்கும், முழுமையாக மறைவது அரிது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடந்த சில ஆண்டுகளாக நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் பூஞ்சைக்கு 2020இல் டிரைகோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். நெடுநாள் கைகொடுத்த டெர்பினாஃபின் மாத்திரை, பூஞ்சையின் எந்த நொதியைத் தாக்குமோ அந்த நொதிக்கான மரபணுவிலேயே இதில் மாற்றம் நேர்ந்திருப்பதால், பலரிடம் அந்த மாத்திரை வேலை செய்வதில்லை. ஆகவே, உங்களைப் போல உடலில் பல இடங்களில் பரவியவர்களுக்கு இட்ராகொனசோல் மாத்திரையையே பெரும்பாலும் தருகிறோம். செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனையில் நோய் உறுதியாகும். நீரிழிவுக்கும் கல்லீரலுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் இந்த மாத்திரை கூடாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளுடனும் சேராது. உங்கள் மனைவியும் மகளும் தனித்தனியே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் சீட்டைக் கொண்டு அவர்களுக்கும் வாங்கிவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பை, தடிப்பின் ஓரத்திலிருந்து இரண்டு செ.மீ. வெளியேயும் சேர்த்துப் பூசுங்கள். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு மொத்தச் சிகிச்சை மாதக்கணக்கில் நீளலாம். பழைய டியூபை நிறுத்திய முதல் சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் கூடும். பெரும்பாலோர் தவறுவது அங்கேதான்: புதிய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பழையதையே எடுத்துப் பூசிவிடுகிறார்கள்.

சீமை அகத்தியை நான் ஏளனம் செய்யவில்லை. வண்டுகொல்லி என்று அதற்குப் பெயர் வந்ததில் பொருள் உண்டு, அதன் இலையில் பூஞ்சையை எதிர்க்கும் பொருள்களும் உள்ளன. ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்துபோன தோலில் எலுமிச்சைச் சாற்றோடு அதை அரைத்துத் தேய்த்தால் வெந்துவிடும். இரத்தம் கெட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கத்தரிக்காயும் கருவாடும் தாராளமாக வீட்டுக்குத் திரும்பலாம்.

வினா எழுப்பியவர்

மிக்க நன்றி ஐயா. பெட்டியைப் பார்த்தேன், குளோபெட்டசால் 0.05 விழுக்காடு என்றுதான் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்காகக் காலையில் பேன்டோபிரசோல் போட்டு வருகிறேன். அதனால் பாதகம் உண்டா?

மறுமொழி: தோல் மருத்துவர்

நல்ல வேளை கேட்டீர்கள். இட்ராகொனசோல் கேப்சூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரைந்து உடலில் சேரும். பேன்டோபிரசோல் அந்த அமிலத்தைக் குறைத்துவிடும். இரண்டையும் எடுத்துக்கொண்டு மருந்து பலிக்கவில்லை என்று வருபவர்கள் பலர். நெஞ்செரிச்சல் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதன் அட்டையையும், போட்டுவரும் மற்ற மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் சென்று, சீட்டு எழுதுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். கேப்சூலை வெறும் வயிற்றில் போடாமல் முழு உணவு உண்டவுடன் போடுங்கள்.