பேராசிரியர் முன்பு சீரியல் நடிகராம்!

சரோஜா அத்தை: ‘மணி ஹைஸ்ட்’ ஸ்பானியத் தொடரை நேற்று இரவு பார்த்து முடித்துவிட்டேன். கொள்ளைக்காரர்கள் பிடிபடக் கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கொள்ளைக்குத் திட்டம் போடும் பேராசிரியராக நடித்தவர் யார்?

கவிதா: ஆல்வாரோ மோர்ட்டே, அத்தை. ஸ்பெயினின் தென்கோடியில் அல்ஹெசிராஸ் என்ற துறைமுக ஊரில் 1975-இல் பிறந்தவர். இந்தத் தொடர் அங்கே 2017 மே மாதம் தொடங்கியபோது அவருக்கு 42 வயது.

சரோஜா அத்தை: அதுவரை என்ன செய்தாராம்?

அருண்: சீரியலில் நடித்தார்! 2002-இல் ஒரு மருத்துவமனைத் தொடரில் தலைகாட்டினார். பிறகு ‘எல் செக்ரெட்டோ டே புவெந்தே வியெஹோ’ என்ற தினசரித் தொடர். நூறு வருடத்துக்கு முந்தைய கிராமத்துக் கதை, 2011 முதல் 2020 வரை 2,300 எபிசோடுக்கு மேல் ஓடியது. அதில் 2014 முதல் சில வருடங்கள் இவர்தான் ஊர் டாக்டர்.

சரோஜா அத்தை: முரளி, படித்தாயா? இனி என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிப் பார்!

முரளி சித்தப்பா: அக்கா, நெட்ஃப்ளிக்ஸ் வாங்கியிராவிட்டால் அவர் இன்னும் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் நேரம்.

கவிதா: பாதி உண்மை, சித்தப்பா. ஸ்பெயினின் ஆன்டெனா 3 சேனலில் முதல் நாள் 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். முடியும்போது அதில் பாதிகூட இல்லை. கதை முடிந்தது என்று எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நெட்ஃப்ளிக்ஸ் அதை வாங்கி, நீளமான 15 எபிசோடுகளை 22 ஆக வெட்டிப் போட்டது. 2018-இல் சர்வதேச எம்மி விருதே கிடைத்தது. ஆனால் அந்த வேடம் மடியில் வந்து விழவில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து முறை நடித்துக் காட்டித்தான் வாங்கினார்.

பெரியப்பா: என்ன படித்தவர்?

அருண்: தொலைத்தொடர்புப் பொறியியலில் சேர்ந்தார், பெரியப்பா. பாதியில் விட்டுவிட்டு கோர்டோபா நாடகப் பள்ளிக்குப் போய்விட்டார்.

பெரியப்பா: அவரைப் பெற்றவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. உனக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் பாக்கி, அருண்.

முரளி சித்தப்பா: சீரியலில் என்ன நடிப்பு? முகத்தை மூன்று முறை காட்டுவார்கள், இடி இடிக்கும்.

கவிதா: தினமும் ஒளிபரப்பாகும் தொடரில் பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் ஆக வேண்டும். திரும்பத் திரும்ப எடுக்க நேரம் கிடையாது. அந்தப் பழக்கம் இங்கே உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். பேராசிரியர் பாதி நேரம் தனியாக ஒரு கிடங்கில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஆள் இல்லை, திரைகளும் தொலைபேசியும்தான். மூக்குக் கண்ணாடியை விரலால் ஏற்றிவிடுவதை வைத்தே பயத்தையும் திமிரையும் காட்டிவிடுகிறார். சண்டையோ துப்பாக்கியோ பெரிதாக இல்லாமல் நம்மைப் பதற வைப்பது சுலபமா?

முரளி சித்தப்பா: கதை எழுதிய ஆலெக்ஸ் பினாவுக்கும் கொஞ்சம் பங்கு கொடு, அம்மா.

அருண்: இன்னொன்று. 2011-இல் அவருக்கு இடது தொடையில் கட்டி வந்தது. காலை இழப்போமோ, உயிரே போய்விடுமோ என்று பயந்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். குணமாகி, மறு வருடமே மனைவியோடு சேர்ந்து ‘300 பிஸ்டோலாஸ்’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பழைய ஸ்பானிய நாடகங்களை இன்றைய இளைஞர்கள் ரசிக்கும்படி போடுகிறார்கள்.

சரோஜா அத்தை: அடடா! அதைச் சொல்லாமல் டாக்டர், ஊசி என்று கேலி பேசிக்கொண்டிருந்தீர்கள்.

பெரியப்பா: இப்போது என்ன செய்கிறார்?

கவிதா: ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் ஒரு மந்திரவாதியாக வந்தார், 2024-இல் ‘இம்மாகுலேட்’ படத்தில் ஒரு பாதிரியாராக. எனக்குப் பிடித்தது 2022-இல் வந்த ‘சின் லிமிட்டெஸ்’. உலகைச் சுற்றிய மகெல்லனின் கடற்பயணக் கதை. இவர் அதில் கூடப் போன மாலுமி எல்கானோவாக வருகிறார்.

பெரியப்பா: உலகத்தைச் சுற்றியவர் மகெல்லன் என்றுதானே படித்தோம்?

அருண்: மகெல்லன் 1521-இல் பிலிப்பைன்ஸ் சண்டையில் இறந்துவிட்டார். ‘விக்டோரியா’ கப்பலை 1522-இல் ஸ்பெயினுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர் எல்கானோ. அதில் மிஞ்சி வந்தவர்கள் 18 பேர்.

முரளி சித்தப்பா: எத்தனை எபிசோடு?

கவிதா: ஆறுதான்.

முரளி சித்தப்பா: அப்படியானால் பார்க்கலாம். 2,300 என்றால் நான் வரவில்லை.

சரோஜா அத்தை: இதிலாவது கூட இருப்பவர்களை நிறையக் கொன்றுவிடாமல் இருக்கிறார்களா?

கவிதா: 240 பேர் அளவில் கிளம்பினார்கள், அத்தை. தேங்காயை இப்போதே நேர்ந்துகொள்ளுங்கள்.